டிசம்பர் ஒன்றுக்கு முன்

மிஸஸ் லாத்ரப் வீடு,
14 செப்டம்பர் 1993

அன்புள்ள ஆர்வோ அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது? முதுகுவலி விட்டதா? டிட்ராய்ட் ஆற்றில் தபால் படகு உன் கப்பலை ஒட்டி ஓடி வரும்போது, இந்தக் கடிதம் வாளியில் ஏறி உன் கைக்கு வந்து சேரும். கையைக் கழுவிவிட்டுப் பிரி. போன கடிதத்தைக் கிரீஸ் கறையோடு மடித்து வைத்திருந்தாய், நான் பார்த்தேன்.

எனக்கு அறை கிடைத்துவிட்டது. ஏரிக்கரை வீடு, மாடி அறை. வீட்டுக்காரம்மா மிஸஸ் லாத்ரப், கணவர் இல்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிற பெண்களுக்கு மட்டும்தான் அறை கொடுப்பாளாம். ஏன் என்று கேட்டேன். "படிச்சிக்கிட்டு இருக்கறவங்க எந்நேரமும் ஓடிக்கிட்டே இருப்பாங்கம்மா. இனிமே படிக்கப் போறவங்கதான் வீடு தங்குவாங்க" என்றாள். நல்ல பேச்சுக்காரி.

பகலில் பேராசிரியர் ஹால்டார்சனின் ஆய்வகத்தில் வேலை. பதினெட்டு ஏரிகளின் தண்ணீர் வரும் பாட்டில்களை நான் கழுவுகிறேன். முதுகலைக்கு அவரிடமே சேர வேண்டும் என்பதுதான் ஆசை. இந்த வருஷமே விண்ணப்பம் போடுவதா, இன்னும் ஒரு வருஷம் பாட்டில் கழுவி அனுபவம் சேர்த்துக்கொண்டு போடுவதா என்று குழம்புகிறேன். நெகானியிலிருந்து அம்மா இந்த வருஷமே போடச் சொல்கிறாள். பள்ளிக்கூடச் சமையலறையில் எல்லாரிடமும் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம். நீ என்ன சொல்கிறாய்?

கப்பலின் ஓரத்துக்குப் போகாதே.
உன் தங்கை,
இர்யா

*

கப்பலில், ஹ்யூரான் ஏரி,
29 செப்டம்பர்

இர்யாக் குட்டி,

கடிதம் வந்தது. கை கழுவித்தான் பிரித்தேன், சாட்சிக்குச் சமையல்காரரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். முதுகு பழைய முதுகுதான். நீ சாப்பிடுகிறாயா இல்லையா, அதை எழுதவே இல்லை.

எங்கள் இரண்டாவது என்ஜினியரின் மகள் மாஸ்டர்ஸ் முடித்தவள். அவரிடம் விசாரித்தேன். அவர் சொன்னது: "அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு சொல்றவங்க அடுத்த வருஷமும் அதையேதான் சொல்வாங்க. இந்த வருஷமே போடச் சொல்லு." உதவித்தொகையோடு இடம் வேண்டுமென்றால் டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டுமாம். அதற்கப்புறமும் மார்ச் வரை வாங்குவார்கள், ஆனால் அது காலி நாற்காலிக்கு ஆள் பிடிக்கிற கதை. பரிந்துரைக் கடிதம் கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிடு. நவம்பரில் எல்லாப் பேராசிரியர்களும் ஓடி ஒளிந்துகொள்வார்களாம்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். துறைக்கு முதலில் வருகிற கப்பலுக்கு முதலில் சரக்கு. நீ துறைக்குப் போய்ச் சேர்.

அண்ணன்,
ஆர்வோ

*

17 அக்டோபர் 1993

அன்புள்ள அண்ணா,

சாப்பிடுகிறேன். போதும் போதும் என்கிற அளவுக்கு. உன் முதுகுக்குக் கீழே தலையணை வைத்துப் படு.

நுழைவுத் தேர்வு முடிந்தது, மதிப்பெண் மோசமில்லை. ஹால்டார்சன் சிரித்துக்கொண்டே பரிந்துரை எழுதி நேரே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். மீதி இருப்பது படிவமும், ஏன் ஏரிகளைப் படிக்க வருகிறேன் என்ற கட்டுரையும்தான். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

வீட்டில் இன்னும் இரண்டு பெண்கள். ரோஸ்மேரி சரித்திரம், டாட்டி கணக்கு. இரண்டு பேரும் என் வயதுதான் இருப்பார்கள். ரோஸ்மேரியிடம் எப்போது விண்ணப்பம் போடப்போகிறாய் என்று கேட்டேன். "கேரி வியட்நாம்லேருந்து திரும்பட்டும். வசந்தத்துல வந்துடுவான். வந்ததும் போடறேன்" என்றாள். கேலி செய்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அண்ணா, அந்தச் சண்டை முடிந்தபோது நான் கிண்டர்கார்ட்டன் பிள்ளை.

டாட்டியின் அப்பாவுக்கு அடுத்த வாரம் மில்வாக்கியில் ஆபரேஷன். அது நல்லபடியாக முடிந்ததும் போடுவாளாம். கணக்கெல்லாம் கால்குலேட்டர் வராத காலத்து நகரும் அளவுகோலை வைத்துத்தான் போடுகிறாள். என் கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு அது என்ன விளையாட்டுச் சாமானா என்று கேட்டாள். அவளுடைய மேல்கோட்டு அம்மாவின் கல்யாண போட்டோவில் எல்னா சித்தி போட்டிருப்பது மாதிரியே இருக்கிறது. மிஸஸ் லாத்ரப்பிடம் மெதுவாக விசாரித்தேன். "அவங்கவங்களுக்கு அவங்கவங்க நேரம், கண்ணு" என்று சொல்லி இன்னொரு கரண்டி நூடுல்ஸ் வைத்தாள்.

பைத்தியங்கள்தான், ஆனால் தங்கமானவர்கள். ரோஸ்மேரி பேன்கேக் சுட்டால் வீடே எழுந்து வரும்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் கடிதம் வந்தது. எழுத்து வரியை விட்டுச் சாய்ந்து ஓடுகிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்னவோ. கரைக்கு வரும்போது போன் செய்து கேள்.

இர்யா

*

கப்பலில்,
3 நவம்பர்

இர்யா,

நீ நலமென்று நம்புகிறேன். இங்கே சுப்பீரியர் ஏரி ஒரே ஆட்டம். சமையல்காரர் சூப்பைச் சட்டைக்குத்தான் பரிமாறுகிறார்.

அம்மாவிடம் பேசினேன். கண்ணாடிதான், வேறொன்றும் இல்லை. பேச்சுத் துணைக்கு எல்னா சித்தி வந்து தங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் சீட்டாடிச் சண்டை போடுகிறார்கள்.

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங்குக்கு வர வேண்டாம். பஸ்ஸில் போக வர நாலு நாள் வீணாகும். கட்டுரையை முடி, ஒன்றாம் தேதிக்குள் தபாலில் போடு, போட்ட மறுநாளே கிளம்பி வா. முதலில் விண்ணப்பம், அப்புறம் வீடு. அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "வேலைய முடிச்சிட்டு வரச்சொல்லு, பாதியில எழுந்து வந்தா எனக்குக் கோவம் வரும்" என்றாள்.

ஆர்வோ

*

11 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம்.

உன் கடிதத்தில் இந்தத் தடவை கிரீஸ் கறையே இல்லை. உறையைப் பிரித்ததும் ஏலக்காய் வாசம் வந்தது, புல்லா ரொட்டி சுட்ட சமையலறை மாதிரி. கப்பல் சமையல்காரர் நம் வீட்டு ரொட்டியெல்லாம் சுடக் கற்றுக்கொண்டாரா? நல்லது.

சொன்னபடியே செய்கிறேன். படிவம் முடிந்தது. கட்டுரையில் கடைசி வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. எழுதுகிறேன், சரியில்லை, அடிக்கிறேன். மிஸஸ் லாத்ரப் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் தோள் வழியாகப் பார்த்தாள். "அதுக்கென்ன அவசரம்? முடிச்சிட்டா அப்புறம் முடிஞ்சதுதானே" என்றாள். எனக்கு ஏனோ சரி என்றுதான் பட்டது.

இங்கே இன்னும் பனி விழவில்லை. முற்றத்து மேப்பிளில் கொஞ்சம் இலைகள் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏரியில் வாத்துகள் இருக்கின்றன.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

இர்யா

*

நெகானி,
20 டிசம்பர் 1993

இர்யா,

எப்படி இருக்கிறாய்? ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, ஒரு வரி இல்லை.

மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் உன் வீட்டுக்காரம்மாதான் எடுத்தாள். "கட்டுரை எழுதிக்கிட்டு இருக்கா, தொந்தரவு பண்ண வேணாமே" என்றாள். முதல் தடவை சரி என்று வைத்துவிட்டேன். கடைசித் தடவை கத்திவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அவ நல்லா இருக்காப்பா, நீதான் பாவம்" என்றாள். என்ன பேச்சு இது?

விண்ணப்பம் போட்டாயா? போட்டிருப்பாய். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துவிடு. பஸ் கிடைக்காவிட்டால் சொல், டிரக்கை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். நேரில் பேச வேண்டியது இருக்கிறது.

ஆர்வோ

*

16 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணா,

நீ நன்றாகத்தான் இருக்கிறாயா? கடிதத்தின் மேலே டிசம்பர் இருபது என்று போட்டிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு வா என்கிறாய். தேங்க்ஸ்கிவிங்கே இன்னும் வரவில்லையே! கப்பலில் என்ன குடிக்கிறீர்கள்? ரோஸ்மேரியிடம் காட்டினேன். "ஆம்பளைங்களுக்குத் தேதியே நிக்காது" என்று சிரித்தாள்.

ஒரு மாதமாக எழுதவில்லை என்கிறாய். போன வாரம்தானே எழுதினேன்.

இரண்டு வாரம் முழுசாகக் கையில் இருக்கிறது. கடைசி வாக்கியம் வந்துவிடும். டாட்டி இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் வெச்சிரு" என்றாள். அவள் அப்பாவின் ஆபரேஷன் அடுத்த வாரமாம். நாங்கள் மூன்று பேரும் அவருக்காக வேண்டிக்கொண்டோம்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அம்மாவின் கடிதம் வந்தது. எழுத்து நேராகிவிட்டது. கண்ணாடி மாற்றியாயிற்று போலிருக்கிறது.

இர்யா

*

நெகானி,
22 ஜனவரி 1994

இர்யா,

இதை உட்கார்ந்து பொறுமையாகப் படி. நான் குடிக்கவில்லை. கப்பலில் இல்லை, வீட்டில் இருக்கிறேன். கப்பல்களெல்லாம் கரையேறி நிற்கின்றன, ஏரி உறைந்துவிட்டது.

உன் கடிதத்தில் நவம்பர் பதினாறு என்று இருக்கிறது. உறையின் மேல் தபால் முத்திரை ஜனவரி பதினேழு. எழுதி மேஜைக்குள் வைத்திருந்து பிறகு போட்டாயோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதில் நீ என் டிசம்பர் கடிதத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறாய். நவம்பரில் உட்கார்ந்துகொண்டு டிசம்பர் கடிதத்தைப் படிக்க முடியுமா? எல்னா சித்தியிடம் இரண்டையும் காட்டினேன். அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போய்க் கூட்டிக்கிட்டு வந்துடுடா. ஒண்ணும் கேக்காத, சும்மா கூட்டிக்கிட்டு வா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் கடிதம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திரு. நான் பார்க்க வேண்டும்.

சாலையில் பனி வாரியதும் புறப்படுகிறேன்.

ஆர்வோ

*

நெகானி,
11 ஏப்ரல் 1994

இர்யா,

வந்து போனதை நீ எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாயோ தெரியாது. நான் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் கிளம்பினேன். உன் ஊர் ஏரி கரையிலிருந்து கரைவரை உறைந்திருந்தது. நடுவில் மீன்பிடிக்கிறவர்களின் தகரக் குடிசைகள். ஒருவன் டிரக்கைப் பனிக்கட்டியின் மேலேயே நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். முதலில் ஆய்வகத்துக்குப் போனேன். "தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே நின்னுட்டாங்களே, வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லன்னு நெனச்சேன்" என்றார் ஹால்டார்சன்.

பிறகு உன் வீடு. மிஸஸ் லாத்ரப் கதவைத் திறந்து, "வாப்பா, தட்டு எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். நான் வருவேன் என்று யார் சொன்னது? நீ படியிறங்கி ஓடி வந்து கட்டிக்கொண்டாய். நன்றாகத்தான் இருந்தாய். கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. "என்ன இப்ப வந்து நிக்கற? எழுத விடமாட்டியா?" என்றாய். அந்தக் குரலைக் கேட்டதும், வந்த காரியத்தில் பாதி மறந்துவிட்டது.

சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். இர்யா, ஜன்னலுக்கு வெளியே ஏரி உறையவே இல்லை. கறுப்புத் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. வாத்துகள். மேப்பிளில் இலை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் டிரக்கைப் பார்த்த அதே இடம்.

டாட்டி உருளைக்கிழங்கை நீட்டி, "எங்கப்பாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்" என்றாள். அவளுக்குப் பின்னால் காலண்டர் தொங்கியது. 1958. நவம்பர். கிழங்கை வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவளுக்குக் கெட்ட சேதி இன்னும் வரவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே வரவில்லை. வரப்போவதும் இல்லை.

நீ அம்மாவின் கடிதங்களை எடுத்துவந்து என் தட்டுப் பக்கத்தில் வைத்தாய். நீலக் காகிதம், அம்மாவின் எழுத்து. என் கை அதன்மேல் போகவில்லை. எல்லாவற்றையும் நேரில் சொல்லத்தான் வந்திருந்தேன். சொல்லவில்லை. "கெளம்பறேன்" என்று எழுந்துவிட்டேன். ஒரு சாப்பாட்டு நேரம்தான் இருந்திருப்பேன்.

வெளியே வந்தால் மழை. ஏரியில் பனிக்கட்டியும் இல்லை, குடிசையும் இல்லை. புல் முளைத்திருந்தது. என் டிரக்கின் கண்ணாடியில் அபராதச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மழையில் ஊறி, எழுத்தழிந்து கிடந்தன. பாட்டரி செத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் தேதி கேட்டேன். ஏப்ரல் என்றார். என் கப்பல் என் இடத்தில் வேறொருவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

வாயால் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அம்மா இல்லை, இர்யா. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் போய்விட்டாள். கணையத்தில் புற்றுநோய். அக்டோபரில் தெரிந்ததும் மார்க்வெட் துறைமுகத்திலேயே நான் இறங்கிவிட்டேன். நவம்பரில் 'கப்பலில்' என்று போட்டு எழுதிய கடிதம் நம் சமையலறை மேஜையில் எழுதியது. நீ விண்ணப்பத்தை முடிக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று அம்மாதான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

ஆர்வோ

*

23 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணா,

முதுகைப் பார்த்துக்கொள். அவ்வளவு தூரம் டிரக் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்.

எனக்குத் தெரியும். நவம்பரில் 'கப்பலில்' என்று எழுதினாயே, அந்த உறையில் நெகானி முத்திரை இருந்தது. நீ வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்றால் எதற்காக என்று எனக்குத் தெரியாதா? போட்ட மறுநாளே வா என்று எழுதினாய். போட்டுவிட்டால் வர வேண்டும். வந்தால் பார்க்க வேண்டும். அதனால் கடைசி வாக்கியம் வரவில்லை. மிஸஸ் லாத்ரப் என்னைக் கட்டிப்போட்டு வைக்கவில்லை, அண்ணா. கதவு திறந்துதான் இருக்கிறது. நான்தான் போகவில்லை.

டிசம்பர் பன்னிரண்டு என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அது இன்னும் வரவில்லை. இங்கே இன்றைக்கு நவம்பர் இருபத்துமூன்று. செவ்வாய்க்கிழமை. காலையில் அம்மாவின் கடிதம் வந்தது. நீ அன்றைக்குக் கையில் எடுக்க மறுத்தாய். இதை உள்ளே வைத்திருக்கிறேன், படி.

படித்துவிட்டு இங்கே வந்துவிடு. கீழே ஒரு அறை காலியாக இருக்கிறது. ஆண்களுக்குக் கொடுப்பதில்லை என்றாலும் உனக்குத் தருகிறேன் என்று மிஸஸ் லாத்ரப் சொல்லிவிட்டாள். நீயும் ஒரு காலத்தில் படிக்கப் போகிறேன் என்றவன்தானே. இரண்டு பேரும் சேர்ந்து விண்ணப்பம் எழுதலாம். செவ்வாய்க்கிழமைதோறும் கடிதம் வரும்.

இர்யா

*

நெகானி,
6 மே 1994

என் இர்யா,

உன் உடம்பு நன்றாகத்தான் இருக்கும், தெரியும். அதனால் கேட்கவில்லை.

அம்மாவின் கடிதத்தைப் படித்தேன். "ஆர்வோ வந்து சமையலறை ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் அடிச்சான். சுத்தியலால கட்டை விரல அடிச்சிக்கிட்டு கப்பல் பாஷையில திட்டினான். நான் தூங்கற மாதிரி இருந்துட்டேன்" என்று எழுதியிருக்கிறாள். அது நடந்தது, இர்யா. நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மா தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். அந்த வாரம் அவளால் ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இதை எப்போது எழுதினாள், எந்தக் கையால் எழுதினாள், எனக்குத் தெரியாது. ஆனால் அவள்தான் எழுதியிருக்கிறாள்.

பதில் எழுதப் பேனாவை எடுத்தேன். 'அன்புள்ள அம்மா' என்றுகூட எழுதிவிட்டேன். துணிப்பையில் சட்டைகளை அடுக்கினேன். எல்னா சித்தி வாசலில் நின்று பார்த்தாள். "நீயும் போயிட்டா அவளைப் பொதைக்கறது யாரு? நானா?" என்றாள். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அம்மா இன்னும் மண்ணுக்குப் போகவில்லை. குளிரில் தரை இரும்பாகிவிட்டதால் கல்லறைத் தோட்டத்துக் கல்லறைக்கூடத்தில் வைத்திருக்கிறார்கள், டிசம்பரிலிருந்து. இப்போது தரை இளகிவிட்டது. இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி குழி வெட்டுகிறார்கள். நாலு மாதத்துக்கு மேல் அவளும் காத்துக்கொண்டுதான் கிடக்கிறாள். இனிமேல் தள்ளிப்போட மாட்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் காலையில் அம்மா கண்ணைத் திறந்து, "அவ அனுப்பிட்டாளா?" என்று கேட்டாள். "அனுப்பிட்டாம்மா. ஒண்ணாம் தேதியே போட்டுட்டா" என்றேன். சிரித்தாள். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அதை வைத்துக்கொண்டு எப்படி இருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வா, இர்யா. அவளைத் தூக்க நான் மட்டும் போதாது.

ஆர்வோ

*

நெகானி, நம் வீடு,
21 ஜூன் 1994

அன்புள்ள ஆர்வோ அண்ணா,

புதுக் கப்பல் எப்படி? முதுகு? நானும் சித்தியும் சுகம். சித்தி சீட்டில் ஏமாற்றுகிறாள்.

கல்லறையில் நான் குளிர்க்கோட்டோடு வந்து நின்றபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நீ கப்பலேறிவிட்டாய். இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைக்குப் போனேன். கடைசி வாக்கியத்தை எழுதினேன். நல்ல வாக்கியம் இல்லை, ஆனால் முடிந்தது. உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு கீழே வந்தேன். மூன்று பேரும் சமையலறையில் இருந்தார்கள். மிஸஸ் லாத்ரப், "இன்னைக்கேவா கண்ணு? இன்னும் ஒரு வாரம் இருக்கே" என்றாள். குரலில் கோபம் இல்லை. டாட்டி என்னுடைய உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டா பயமா இருக்காது?" என்று கேட்டாள். "இருக்கும்" என்றேன். நீயும் வா என்று கையை நீட்டினேன். அவள் எழுந்தாள் அண்ணா, பாதி எழுந்தாள். அப்புறம், "எங்கப்பாவுக்கு அடுத்த வாரம்..." என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனைத் தபால் பெட்டியில் உறையைப் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினால் தெரு முழுக்க வசந்தத்து லைலாக் பூத்திருந்தது. கோட்டுக்குள் வியர்த்து வழிந்தது. வீட்டுக்குள் போகாமல் நேரே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டேன். பஸ்ஸில்தான் அம்மாவுக்காக அழுதேன். பக்கத்து இருக்கை அம்மாள் ஒரு கைக்குட்டையும் பாதி சாண்ட்விச்சும் கொடுத்தாள்.

போன வாரம் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மே மாதத்தில் போட்டது தாமதம் என்று தள்ளியிருப்பார்கள், அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்வார்களா என்று கேட்பதற்காக. அந்த அம்மாள் கோப்பை எடுத்துப் பார்த்தாள். "தாமதமா? டிசம்பர் ஒண்ணு முத்திரை இருக்கே. நேரத்துக்குத்தான் வந்திருக்கு" என்றாள். மார்ச்சில் உதவித்தொகையோடு இடம் கொடுத்து, லாத்ரப் வீட்டு முகவரிக்கு இரண்டு தடவை எழுதினார்களாம். பதில் இல்லாததால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. "அடுத்த தடவை கடிதத்துக்குப் பதில் போடும்மா" என்று கடிந்துகொண்டாள்.

இடம் போனது போகட்டும். அம்மாவிடம் நீ சொன்னது பொய் இல்லை, அண்ணா. ஒன்றாம் தேதியே போட்டிருக்கிறேன். இனிமேல் தூங்கு.

இந்த வருஷப் படிவம் ஆகஸ்டில் வருகிறது. செப்டம்பரிலேயே அனுப்பிவிடுவேன். ஹால்டார்சன் திரும்பவும் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது. என் புத்தகங்களும் துணிகளும் அங்கேயே இருக்கின்றன. அனுப்பி வைக்கச் சொல்லலாம் என்று நேற்று லாத்ரப் வீட்டுக்குப் போன் செய்தேன். புதுப் பெண் ஒருத்தி எடுத்தாள், சின்னக் குரல். என் முழுப்பெயரைச் சொல்லி, இர்யா காங்கஸ் காலி செய்த அறையில் சில சாமான்கள் இருக்கின்றன என்று ஆரம்பித்தேன்.

"யாரும் காலி பண்ணலையே. இர்யா மேலதான் இருக்காங்க, கட்டுரை எழுதிக்கிட்டு. கூப்பிடட்டுமா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, "இர்யா! உங்களுக்கு போன்!" என்று கூப்பிட்டாள். மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ வேகமாகப் படியிறங்கி வந்தார்கள். கடைசிப் படியை நான் எப்போதும் தாண்டித்தான் குதிப்பேன், உனக்குத் தெரியும். அந்தக் குதிப்பும் கேட்டது.

எனக்குப் பயம் வரவில்லை. கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இந்த வாரம் அம்மா என்ன எழுதியிருக்கிறாள்?

குதித்து வந்தவள் ரிசீவரை எடுக்கும் சத்தம் கேட்டது. நான் வைத்துவிட்டேன்.

உன் தங்கை,
இர்யா